வெறுங்கையோடு போகக் கூடாத வீடு

தக்கலையை விட்டுக் கிளம்பிய பேருந்து கொஞ்ச தூரம்கூட ஓடியிருக்காது, ஒரு சாயாக்கடை முன்னால் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சாயா வாங்கினார். நடத்துநர் இறங்கிப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பயணிகள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏங்க, ஏன் நிக்குது?" என்றேன். நடத்துநர் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "டயர் சூடாயிட்டு அக்கா. கொஞ்சம் ஆறட்டு" என்றார். நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நானும் இறங்கிவிட்டேன்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கிள்ளானில் நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றாலே நான் கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பேன் என்று என் மகன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். விமானத்தில் வந்த நேரமெல்லாம் நடைபாதையில்தான் கழிந்தது. பணிப்பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

மலேசியாவில் ஒரு சிறுநீரக நோயாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். என் வீட்டுக்காரரே அங்கே நோயாளி. எங்களிடம் டயாலிசிஸ் இயந்திரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, விருந்து வைத்து நிதி திரட்டவும் தெரியும். ஆளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கத்தான் தெரியவில்லை. வண்டி இல்லை, துணை இல்லை என்று பாதிப் பேர் வராமல் போய்விடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் திற்பரப்புப் பக்கம், சுகாதார நிலையமும் கிறிஸ்தவ சபையும் அய்யாவழித் தாங்கலும் ஆட்டோ ஸ்டாண்டும் ஒன்றாகச் சேர்ந்து இதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று சங்கம் அனுப்பியது. மகனை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேருந்து மறுபடி கிளம்பியது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் மலையாளம் கலந்த தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி, நாத்தனார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பார்க்கப் போகிறேன், பழம் வாங்கிவிட்டேன், ரஸ்க் வாங்கிவிட்டேன், ஆனாலும் கை நிறையவில்லை என்றாள். மற்றவள், "கருக்கு வாங்கினாயா?" என்று கேட்டாள். இளநீரைத்தான் இங்கே கருக்கு என்கிறார்கள். முதலாமவள் நெற்றியில் அடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனாள். நான் மனசுக்குள் அந்த நாத்தனாருக்கு என்ன நோயோ என்று நினைத்துக்கொண்டேன்.

குலசேகரத்தில் வசந்தி காத்திருந்தாள். சுகாதார நிலையத்துச் செவிலியர். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம், வேகமான பேச்சு. பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சுயம்புலிங்கம். ஆட்டோ ஸ்டாண்டின் செயலாளர். நெற்றியில் நெடுக வெள்ளை நாமம் இட்டிருந்தார். அய்யாவழிக்காரர்கள் இடும் நாமம் அது. "வாங்க, கிளம்பலாம்" என்றேன் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிட்டியளா?"

"இன்னும் பசியாறல. அப்புறம் பாத்துக்கலாம்."

"பசியாறாம எங்க போறது? இருங்கோ."

ஒரு கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மேலே சாளை மீன் குழம்பு. கிழங்கு வாயில் போட்டதும் கரைந்தது. குழம்பில் புளி தூக்கல், காரம் அதைவிடத் தூக்கல். எங்கள் ஊரிலும் மரவள்ளி உண்டு, சீனியும் தேங்காயும் சேர்த்துப் பலகாரமாகத்தான் தின்போம். இப்படி மீனோடு தின்னலாம் என்று ஐம்பத்தெட்டு வயதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தின்று முடிக்கும்வரை கால் ஆடாமல் இருந்ததை வசந்தி கவனித்துச் சொன்னாள்.

அங்கே வைத்தே ஜஸ்டினைப் பற்றிச் சொன்னாள். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்தவன். மொட்டை மாடி வெயிலிலேயே பல வருடம். இரண்டு சிறுநீரகமும் போய் ஊர் திரும்பினான். வாரம் இருமுறை டயாலிசிஸ். ஆட்டோ ஸ்டாண்டில் முறை வைத்துக் கொண்டுபோய் விடுகிறார்கள், பள்ளிக்கூட வேன் திரும்பக் கொண்டுவருகிறது, சபையும் தாங்கலும் மாறி மாறி மருந்துக்குப் பொறுப்பு.

"அப்ப எல்லாம் நல்லாத்தானே போகுது?" என்றேன்.

"வண்டியெல்லாம் நல்லா போகுது. ஆளுதான் போயிருவான் போல இருக்கு" என்றாள் வசந்தி. "போன மாசம் மூச்சு முட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, தூக்கிக்கிட்டு ஓடினோம். இன்னொரு தடவ அப்பிடி ஆனா கிடைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. காரணம் என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம்."

சொல்ல வேண்டாம்தான். வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு இளநீரும் வாழைப்பழமும் விஷம். அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். தண்ணீரே அளந்துதான். இந்த மாவட்டத்திலோ திரும்பிய பக்கமெல்லாம் தென்னையும் வாழையும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேறெதைக் கொண்டுபோவார்கள்?

ஜஸ்டின் வீடு ரப்பர் தோட்டத்தை ஒட்டி மேட்டில் இருந்தது. நான் வெறுங்கையோடு போனேன். வேண்டுமென்றேதான். எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான், நோயாளி வீட்டுக்குத் தின்பண்டம் கொண்டுபோகாதே.

வாசலில் ஜஸ்டினின் அக்கா எஸ்தர் நின்றாள். அடுத்த வீடு அவளுடையது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இரண்டு கையையும் பார்த்தாள். "மலேசியால இருந்தாக்கும் வாறிய?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போனதும் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கப்பலும் பிளேனும் ஏறி வந்திருக்கா. கைய வீசிட்டு வந்திருக்கா பாரு."

ஜஸ்டின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணுக்குக் கீழேயும் உப்பல். என் வீட்டுக்காரர் இத்தனை நாள் டயாலிசிஸ் செய்தும் எப்படித் தேறியிருக்கிறார் என்று கேட்டான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டான். பேசும்போதே உதட்டை நக்கிக்கொண்டான். அந்தத் தாகம் எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மனைவி ஷைலா முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இங்கே அதை அண்டி ஆபீஸ் என்கிறார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சாயா போட்டாள். அதற்குள் வாசலில் ஆள் சத்தம். சபையிலிருந்து இரண்டு பேர், கையில் குலையோடு நாலைந்து கருக்கும் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழமும். ஷைலா கும்பிட்டு, "இதெல்லாம் இவருக்குக் குடுக்கப்படாது, டாக்டர் சொல்லியிருக்கு" என்றாள். வந்தவர்கள் முகம் சுருங்கிப் போயிற்று. எஸ்தர் குறுக்கே வந்து குலையை வாங்கிக்கொண்டாள்.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா. கட்டின மாப்பிளைக்கி ஒரு வாய் வெள்ளம் குடுக்க மாட்டா. நீங்க இருங்கோ."

வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். எஸ்தர் ஒரு கருக்கை வெட்டி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டினாள். வசந்தி, "அக்கா, வேண்டாம்" என்று எழுந்தாள். ஜஸ்டின் வந்தவர்களைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டான். வந்தவர்கள் முகம் மலர்ந்தது. ஷைலா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எனக்கு எஸ்தரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். இதே பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன். புருஷன் ஆசையாகக் கேட்ட ஒரு குவளை தண்ணீரைப் பிடுங்கி ஊற்றிய ராட்சசி என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிய உறவுக்காரர்கள் கிள்ளானிலும் உண்டு. ஆனால் எனக்கு அங்கே தனி வீடு, பூட்டிக்கொள்ளக் கதவு. ஷைலாவுக்கு அது இல்லை. அவள் தடுத்தால் கொலைகாரி, தடுக்காவிட்டால் விதவை.

மறுநாள் வசந்தி என்னை முட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மீனவர்களின் கத்தோலிக்கப் பங்குக் கோயிலும் இந்தக் கூட்டணியில் சேர்ந்திருக்கிறது. பாறையில் அலை மோதிக்கொண்டிருந்தது, கலங்கரை விளக்கம் வெள்ளையாக நின்றது, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பாறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வேறொன்றில் உட்கார்ந்தேன். மனசு மேட்டு வீட்டிலேயே கிடந்தது. அவன் இன்றைக்கு எத்தனை டம்ளர் குடித்தானோ.

பங்குக் கோயிலின் வீட்டு மருத்துவக் குழுவில் இருந்த அமலா என்ற பெண், இங்கே கதை வேறு மாதிரி என்றாள். "எங்க ஆளுக கருக்கு கொண்டு வர மாட்டாங்க. கருவாடு கொண்டு வருவாங்க. நல்ல நெத்திலிக் கருவாடு, வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு. அங்க வெள்ளம், இங்க உப்பு." அவள் சிரித்தாள். உப்பு தின்றால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர். எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே எரிச்சலும் வந்தது. மதியம் அவள் வீட்டில் அதே கருவாட்டை வறுத்து வைத்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.

திரும்பும் பேருந்து நாகர்கோவிலோடு சரி, மேலே போகாது என்று இறக்கிவிட்டார்கள். அடுத்ததில் ஏறினால் அது வேறு ஊருக்குப் போகிறதாம். நான் கத்தினேன். வசந்தி பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து என் கையில் வைத்தாள். செந்துளுவன், சிவப்புத் தோல். இந்த மாவட்டத்தில் கோபத்துக்கும் பழம்தான் மருந்து போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் தாங்கல் முற்றத்தில் கூடிப் பேசினார்கள். தாங்கல் என்பது அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடம். சபையின் உபதேசியார் அங்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊரில் கோயில் கமிட்டி இரண்டையே ஒரு மேசையில் உட்கார வைக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வாத்தியார், ஆட்டோக்காரர்கள், வசந்தி, சந்திப்பில் கருக்குக் கடை வைத்திருக்கும் மணியன். கடைக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று நான் சுயம்புலிங்கத்திடம் மெல்லக் கேட்டேன். "அவன்தானே விக்கான். அவன் இல்லாம என்னத்தப் பேச" என்றார்.

உபதேசியார் ஆரம்பித்தார். "ஆராதனையில ரெண்டு தடவ அறிவிச்சாச்சு. ஜஸ்டினுக்குக் கருக்கு கொண்டு போவாண்டாம்னு. எல்லாரும் கேட்டாங்க. அடுத்த நாளே ஏத்தம்பழம் கொண்டு போயிட்டாங்க. கேட்டா, நீங்க பழத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியேங்கியாங்க."

"நாங்களும் பணிவிடை முடிஞ்சு சொன்னோம்" என்றார் தாங்கல்காரர் ஒருவர். பணிவிடை என்றால் அவர்கள் வழிபாடு. "பழமும் வேண்டாம்னே சொன்னோம். இப்ப பாயசம் போவுது."

நான் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டச் சொன்னேன். எங்கள் மையத்தில் சுவரெல்லாம் அப்படித்தான். வாத்தியார் முடியாது என்று மெதுவாகத் தலையாட்டினார். வீட்டு வாசலில் பலகை தொங்கினால் என்ன வியாதியோ என்று அந்தக் குடும்பத்தில் நாளைக்கு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்றார். சரி, ஆளே போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகமில்லாதவனைப் பார்க்கப் போகாதே என்று இந்த மாவட்டத்தில் சொல்ல யாருக்கும் வாய் வராது என்று அந்தப் பார்வையிலிருந்து புரிந்துகொண்டேன்.

"போகணும். போகும்போது கையில ஒண்ணு இருக்கணும்" என்றார் சுயம்புலிங்கம். "அத மாத்த முடியாது அக்கா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப அந்தக் கையை வேற எதுக்காவது பயன்படுத்தச் சொல்லுங்க. பாக்க வர்றவங்க வீட்டுக்கு வர வேண்டாம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, அவன் பக்கத்துல முழு நேரமும் உக்காந்து பாக்கட்டும். நாங்கள்லாம் உக்காரல? அந்தப் பொண்ணு அதுக்காக வேலைக்குப் போகாம கிடக்கா."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். ஷைலா டயாலிசிஸ் நாளெல்லாம் வேலைக்கு மட்டம் போடுகிறாள், இனி மட்டம் போட்டால் வர வேண்டாம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள் என்றாள். வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. உபதேசியார், "அதுவும் ஒரு சமர்ப்பணம்தான்" என்றார். தாங்கல்காரர், "எங்க பக்கத்துலயும் அப்பிடிச் சொல்லலாம்" என்றார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜஸ்டினைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டயாலிசிஸ் நாளில் வண்டியில் கூடவே போய் உட்கார வேண்டும். அதுதான் கையில் கொண்டுபோகும் சாமான். அதைச் சபையிலும் தாங்கலிலும் ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும்.

"நான் அந்த வீட்டுக்குன்னு யாரு கேட்டாலும் வெட்ட மாட்டேன்" என்றார் மணியன். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அடுத்த நாள் காலையில் நான் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தபோதே எஸ்தர் வந்தாள். மணியன் கடையில் தொங்கிய குலையில் கை வைத்து, "இது குடு" என்றாள்.

"யாருக்கு மைனி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டார் மணியன்.

"யாருக்கா இருந்தா உனக்கென்ன? தம்பிக்கி."

"உங்களுக்குக் குடிக்கணும்னா இங்கயே வெட்டித் தாறேன், எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. கொண்டு போகத் தர மாட்டேன்."

எஸ்தர் அப்படியே நின்றாள். சந்திப்பில் ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடைப் பெஞ்சு முழுக்க ஆள். "எனக்க கூடப்பிறந்தவனுக்கு வாங்க எனக்கு உனக்க அனுமதி வேணுமா?" என்று கேட்டாள். மணியன் குனிந்து அரிவாளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் நிமிரவில்லை, கருக்கும் தரவில்லை. எஸ்தர் என்னைப் பார்த்தாள். இதெல்லாம் இந்த மலேசியாக்காரி வந்து செய்த வேலை என்று அந்தப் பார்வையில் இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

அவள் மேட்டில் ஏறிப் போனாள். நானும் சுயம்புலிங்கமும் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். வீட்டுக்குள் எஸ்தர் ஒப்பாரியாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜஸ்டின் கேட்டுக்கொண்டே இருந்தான். எல்லாம் சொல்லி முடித்ததும், "அக்கா, நாளைக்கி நீ எனக்க கூட வா" என்றான்.

"நானா? ஆஸ்பத்திரிக்கா? எனக்கு ரெத்தத்தப் பாத்தா தல சுத்தும்."

"நீ வந்தா ஷைலா வேலைக்கிப் போவா. வா அக்கா."

சின்ன வயதில் தாய் போனபிறகு அவனை வளர்த்தது எஸ்தர்தான் என்று பிறகு வசந்தி சொன்னாள். அவன் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாதாம். அந்தக் கருக்கும் அப்படி அவன் கேட்டு வந்ததுதான்.

டயாலிசிஸ் நாளன்று மழை கொட்டியது. ஆட்டோவில் முன்னால் சுயம்புலிங்கம், பின்னால் நடுவில் ஜஸ்டின், இரண்டு பக்கமும் எஸ்தரும் நானும். ரப்பர் மரங்கள் இருட்டாக நின்றன. பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றது. சுயம்புலிங்கம் இறங்கி எஞ்சினைத் திறந்து, "சவம், வெள்ளம் கேறிட்டு" என்றார். நான் மழையில் இறங்கி ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தேன். நேரம் தவறினால் இயந்திரத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜஸ்டின் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். எஸ்தர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "வேகம் பண்ணுங்க அண்ணே" என்றாள்.

சுயம்புலிங்கம் போனில் யாரையோ கூப்பிட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பள்ளிக்கூட வேன் அந்த வழியாகவே வந்தது. சின்னச் சின்ன இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனோம். வேனுக்குள் பிள்ளைகள் தின்று சிந்திய மிக்சர் வாசனை.

ஆஸ்பத்திரியில் முதலில் ஜஸ்டினை எடை பார்த்தார்கள். இயந்திரம் இயக்கும் பெண் முகம் சுளித்து, "நிறைய ஏறியிருக்கே. என்ன குடிச்சீங்க?" என்று கேட்டாள். ஜஸ்டின் அக்காவைப் பார்த்தான். எஸ்தர் தரையைப் பார்த்தாள். கையில் தடித்த ஊசி இரண்டு ஏற்றினார்கள். இரத்தம் குழாயில் வெளியேறி, சுற்றி, திரும்ப உள்ளே போவதை எஸ்தர் பார்த்தாள். தலை சுற்றும் என்றவள் கண்ணை எடுக்கவில்லை. நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்கு நிற்பதே வசதி.

கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு ஜஸ்டின் திடீரென்று, "அம்மா" என்று அலறினான். வலது கால் கெண்டைச் சதை கல்லாக இறுகிப்போய், பாதம் கோணிக்கொண்டது. அடுத்து இடது கால். அவன் உடம்பெல்லாம் வேர்த்தது. எஸ்தர் பாய்ந்து காலைப் பிடித்தாள். அந்தப் பெண் வந்து இயந்திரத்தில் ஏதோ குறைத்தாள்.

"என்னம்மா ஆச்சு? ஏன் இப்பிடித் துடிக்கான்?"

"அதிகமாக் குடிச்சிருக்காரு அம்மா. உடம்புல சேந்த தண்ணியை இந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள உறிஞ்சி எடுக்கணும். வேகமா எடுத்தா சதை பிடிக்கும். எடுக்காம விட்டா நெஞ்சுல போயி நிக்கும்." அவள் அதட்டவில்லை. தினமும் சொல்லுகிற குரலில்தான் சொன்னாள். "காலை நல்லா அமுக்கிப் பிடிங்க."

எஸ்தர் பிடித்தாள். இரண்டு கையாலும் தம்பியின் பாதத்தைப் பிடித்து, தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். அவன் முனக முனக இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தளர்ந்ததும் விட்டாள், மறுபடி இறுகியதும் பிடித்தாள். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன், தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள். என் வீட்டுக்காரருக்கு இந்தப் பிடிப்பு வந்த நாட்களில் அந்தக் காலைப் பிடித்தது நான். கைக்குள் அந்தச் சதை நெளிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடைசியில் வலி விட்டு அவன் தூங்கினான். எஸ்தர் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அவளும் இப்பிடித்தான் பிடிச்சாளா? ஒவ்வொரு தடவையும்?"

"நீங்க குடுத்த ஒவ்வொரு டம்ளருக்கும் பிடிச்சிருப்பா" என்றேன். இதை இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மென்மை வராது.

அவள் போர்வையை இழுத்துத் தம்பியின் காலை மூடினாள்.

வீடு திரும்பும்போது மழை விட்டிருந்தது. வாசலில் ஆட்கள். எஸ்தரின் சபைத் தோழிகளும் சொந்தத்தில் ஒரு பெரியப்பா மகளும். பெரியப்பா மகள் வேறு சந்திப்பில் போய் வாங்கியிருக்கிறாள், கையில் குலையாகக் கருக்கு. "மணியன் தரமாட்டேன்னுட்டானாமே. நான் விட்டேனா?" என்று எஸ்தரிடம் நீட்டினாள். "அந்த ஷைலா வாறதுக்குள்ள உள்ள கொண்டு போய் வை. அவ வந்தா வெள்ளம்கூடக் காட்ட மாட்டா பயலுக்கு."

எஸ்தர் தம்பியைக் கைத்தாங்கலாகப் படியேற்றி, திண்ணையில் உட்கார வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"கொண்டு போ."

"என்னது?"

"திரும்பக் கொண்டு போன்னேன். இனி யாரும் இந்த வீட்டுக்கு ஒண்ணும் கொண்டு வராண்டாம். குடுக்கப்படாதுன்னு சொல்லுதது நான். ஷைலா இல்ல. நானாக்கும்."

"உனக்கு என்ன ஆச்சுட்டி? நேத்துவர நீதானே..."

"நேத்துவர நான்தான் ஊத்திக் குடுத்தேன். அவ தடுத்ததுனாலதான் எனக்க தம்பி இதுவர உயிரோட இருக்கான். நான் குடுத்ததுல செத்திருப்பான். இனி ஏசணும்னா என்னைய ஏசுங்க. அவள ஒரு வார்த்த சொல்லாதுங்க." குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "அவன் மேல பாசம் இருந்தா ஒரு நாளு கூட வந்து அவனுக்க காலப் பிடிங்க. நான் இன்னைக்கிப் பிடிச்சேன்."

பெரியப்பா மகள் குலையைத் தரையில் வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். அப்போதுதான் நான் பார்த்தேன், ஷைலா மேட்டுப் பாதையில் வேலை முடிந்து வந்து, வாழைமரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொல்லிற்று.

எஸ்தரும் அவளைப் பார்த்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"ஏட்டி, வேலைக்குப் போயிட்டு வந்தியா?"

"வந்தேன் மைனி."

"வெள்ளிக்கிழமையும் நானே போறேன். நீ மட்டம் போடாண்டாம்."

ஷைலா தலையாட்டினாள். இரண்டு அடி எடுத்து வைத்தாள். மூன்றாவது எடுக்க முடியவில்லை. அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்து, கறுத்துப் போன இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். ஜஸ்டின் எழப் பார்த்தான், எஸ்தர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள். சுயம்புலிங்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் போய் ஷைலா பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன்.